ரெஸ்டோர் பண்ண லோட்டஸ் எலான் வாங்கப் போறீங்களா? பெயிண்ட்ட கடைசியா பாருங்க

இங்கிலாந்துல பழைய ஸ்போர்ட்ஸ் கார் விக்கிற விளம்பரம் எதைத் திறந்தாலும் "முழுசா ரெஸ்டோர் பண்ணது" அப்படின்னு ஒரு வரி இருக்கும், கீழ பளபளன்னு செவப்பு கலர்ல பத்து போட்டோ இருக்கும். எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மாதிரி கார்னா அந்த போட்டோவ வச்சே ஓரளவு கணக்குப் போடலாம், ஏன்னா அதெல்லாம் இரும்பு பாடி, துரு வந்தா வெளிய காட்டிக் குடுத்துடும். லோட்டஸ் எலான் அப்படி இல்ல. மேல பைபர்கிளாஸ் பாடி, அது துருப்பிடிக்கவே பிடிக்காது, ஆனா அடியில கார தாங்கிட்டு இருக்கிறது மெல்லிய தகடுல செஞ்ச ஒரு சேஸி, அது நல்லாவே துருப்பிடிக்கும். மேல கண்ணாடி மாதிரி மின்னுற கார் அடியில அரிச்சுப் போயிருக்கலாம். அதனால இந்த கார பாக்குற வரிசையே வேற, அந்த வரிசையில போவோம்.

முதல்ல இது என்ன கார்னு சுருக்கமா. 1962ல லண்டன் மோட்டார் ஷோவுல வந்துச்சு. காலின் சாப்மன் கம்பெனி, டிசைன் பண்ணவர் ரான் ஹிக்மன். இதுக்கு முன்னாடி வந்த எலீட்ல சேஸியே தனியா கிடையாது, பாடி முழுக்க பைபர்கிளாஸ்தான் பாரத்தையும் தாங்குச்சு, செய்ய ரொம்ப செலவாச்சு. எலான்ல அத விட்டுட்டு நடுவுல ஒரே ஒரு முதுகெலும்பு மாதிரி இரும்பு சேஸி, முன்னாடியும் பின்னாடியும் கவட்டை மாதிரி பிரியும், அதுல எஞ்சின், டிப்பரன்ஷியல் (பின் வீலுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்குற கியர் பெட்டி), சஸ்பென்ஷன் எல்லாம் மாட்டி மேல பாடிய போல்ட் போட்டு உக்கார வச்சாங்க. மொத்த எடை சுமார் 680 கிலோ, பின்னாடி வந்த சீரிஸ் கொஞ்சம் கூட. எஞ்சின் ஃபோர்டோட 1558 சிசி பிளாக், மேல லோட்டஸோட அலுமினிய ட்வின் கேம் ஹெட், அந்த ஹெட்ட வரைஞ்சவர் ஹாரி மண்டி. 105 குதிரை சக்தி. நம்பரா பாத்தா இன்னைக்கு சாதாரண ஹேட்ச்பேக்லயே இதுக்கு மேல இருக்கும், ஆனா 680 கிலோவுக்கு அது போதும், போதும்னு சொல்றதே தப்பு, தாராளம். நாலு வீல்லயும் டிஸ்க் பிரேக், நாலு வீலுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அது 1962ல. மெக்லாரன் எஃப்1 செஞ்ச கார்டன் முர்ரே இந்த ஸ்டியரிங்க இன்னைக்கும் அளவுகோலா பேசுறாரு, 1989ல மஸ்டா எம்எக்ஸ்-5 பண்ணப்ப அவங்க முன்னாடி வச்சுப் பாத்ததும் எலானத்தான்.

இத ஏன் சொல்றேன்னா, ரெஸ்டோர் பண்ண எலான் நல்லதா இல்லையான்னு முடிவு பண்ண எனக்குத் தெரிஞ்ச ஒரே கேள்வி இதுதான்: அந்த லேசு, அந்த ஸ்டியரிங், ரெண்டும் இன்னும் கார்ல இருக்கா? மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

எந்த எலான்னு தெளிவா கேளுங்க

சீரிஸ் 1 1962ல, சீரிஸ் 2 1964ல, சீரிஸ் 3 1965ல கூரை மூடின கூப்பேவா வந்து அடுத்த வருஷம் திறந்த மாடலும் சேந்துச்சு, சீரிஸ் 4 1968ல, கடைசியா ஸ்ப்ரின்ட் 1971ல இருந்து 1973 வரைக்கும். இது போக 1967ல வந்த பிளஸ் 2, பெரிய கார், பின்னாடி குழந்தைங்க உக்கார சீட் இருக்கும். விலையில பிளஸ் 2 தான் குறைவு, ரெண்டு சீட் கார் எல்லாம் அதுக்கு மேல, சாதாரண ரோடு கார்கள்ல திறந்த ஸ்ப்ரின்ட்தான் உச்சம். குடும்பத்தோட போகணும்னா பிளஸ் 2வ மட்டமா நினைக்காதீங்க, அருமையான கார் அது.

ஸ்ப்ரின்ட்ல பெரிய வால்வு ஹெட், 126 குதிரை சக்தி, அதனாலதான் அதுக்கு அவ்ளோ கிராக்கி, அதனாலயேதான் போலியும் அதிகம். சீரிஸ் 4 கார எடுத்து ரெண்டு கலர் பெயிண்ட் அடிச்சு நடுவுல கோல்டு பட்டை ஒட்டி, கேம் கவர மாத்திட்டா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஸ்ப்ரின்ட் மாதிரியே இருக்கும். விக்கிறவர் ஸ்ப்ரின்ட் மாதிரி மாத்தினதுன்னு நேரா சொல்லி அதுக்கேத்த விலை கேட்டா ஒரு குறையும் இல்ல, அது நல்ல காராவே இருக்கலாம். ஸ்ப்ரின்ட்னே சொல்லி வித்தாதான் நீங்க பேப்பர காட்டுங்கன்னு பிடிவாதமா நிக்கணும். 26ஆர்னு ஒரு ரேஸ் மாடல் இருக்கு, அது ரொம்ப அபூர்வம், அதோட நகல்தான் சந்தையில நிறைய, 26ஆர்னு யாராவது சொன்னா அந்த காரப் பத்தி தெரிஞ்ச ஆள் இல்லாம பணம் பேசவே கூடாது.

போன்ல கேக்க வேண்டியது, கிளம்புறதுக்கு முன்னாடி

முதல் கேள்வி: சேஸி ஒரிஜினலா, மாத்தினதா? மாத்தினதுன்னா எப்போ, யாரோடது? இத கேட்ட உடனே விக்கிறவர் தயங்காம பதில் சொன்னா அவர் கார தெரிஞ்ச ஆள். இங்க ஒரு விஷயத்த புரிஞ்சுக்கணும், மத்த பழைய கார்ல "எல்லாம் ஒரிஜினல்"னா மதிப்பு கூடும், எலான்ல கால்வனைஸ் பண்ண, அதாவது துருப்பிடிக்காம துத்தநாகம் பூசின புது சேஸி போட்டிருந்தா பெரும்பாலான ஆளுங்க அததான் விரும்புறாங்க. லோட்டஸே பின்னாடி கால்வனைஸ் சேஸி வித்தாங்க. ஸ்பைடர்னு வேற ஒரு கம்பெனி குழாய் பிரேம்ல செஞ்ச சேஸியும் நிறைய கார்ல இருக்கும், அது பலமானதுதான், ஆனா ஒரிஜினல் வடிவம் வேணும்ங்கிறவங்க அத எடுக்க மாட்டாங்க. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுட்டுப் போங்க.

ரெண்டாவது: பாடிய சேஸியில இருந்து தூக்கி வேலை பண்ணீங்களா, போட்டோ இருக்கா? தூக்காம எலான முழுசா ரெஸ்டோர் பண்ண முடியாது. பாடி தனியா, சேஸி தனியா நிக்கிற போட்டோ ஒண்ணு கூட இல்லன்னா, அந்த விளம்பரத்துல இருக்கிற "முழுசா"ங்கிற வார்த்தைய நீங்களே அடிச்சுட்டு விலைய யோசிங்க.

மூணாவதா, நான் வர்றப்ப எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம ஆறிப்போய் இருக்கணும்னு சொல்லுங்க, பக்கத்துல எம்ஓடி (இங்கிலாந்துல வருஷா வருஷம் பண்ற வண்டி சோதனை) கராஜ் இருந்தா கொஞ்ச நேரம் ரேம்ப்ல ஏத்திப் பாக்க ஒத்துக்குவீங்களான்னும் கேளுங்க. மாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட போய் பெட்ரோல வீணாக்காதீங்க.

பேப்பர்

வி5சி லாக்புக்ல, அதாவது காரோட பதிவு ஆவணத்துல, இருக்கிற சேஸி நம்பரும் எஞ்சின் வைக்கிற இடத்துல இருக்கிற பிளேட்டும் ஒத்துப் போகணும், எஞ்சின் நம்பரையும் பிளாக்லயே பாத்து எழுதிக்கோங்க. 1970ல இருந்து வந்த கார்ல நம்பரோட முதல் ரெண்டு இலக்கம் வருஷம், அடுத்த ரெண்டு மாசம், அதனால 1970 காருக்கு 1971 கதை சொன்னா அங்கயே மாட்டிக்கும். வி5சி வச்சிருக்கிறதாலயே அவர்தான் ஓனர்னு ஆகாது, அதுலயே அப்படித்தான் அச்சடிச்சிருக்கு, அதனால அவர் வாங்கின பில்ல பாருங்க, கடன் பாக்கி இருக்கான்னு செக் பண்ற சர்வீஸ் ஒண்ணுல நம்பர போட்டும் பாத்துருங்க.

பழைய பில்லுல "கிட்"னு இருந்தா பயப்படாதீங்க. அப்போ முழு காரா வாங்கினா பர்ச்சேஸ் டாக்ஸ் கட்டணும், பாகமா வாங்கி வீட்டுல மாட்டிக்கிட்டா கட்ட வேணாம், அதனால நிறைய எலான் கிட்டாத்தான் வெளிய போச்சு. 1973 ஏப்ரல்ல வாட் வந்ததும் அந்த சலுகை போயிடுச்சு. லோட்டஸ் கம்பெனியோட பழைய ரெக்கார்டுல இருந்து காரோட சான்றிதழ் வாங்கலாம், எந்த மாடல், எந்த கலர், எந்த எஞ்சின்னு அதுல வரும். ஸ்ப்ரின்ட்னு சொல்லி விக்கிற கார்னா இது இல்லாம வாங்காதீங்க.

40 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு ரோடு டாக்ஸும் கிடையாது, பெருசா மாத்தம் செய்யாம இருந்தா 2018ல இருந்து எம்ஓடியும் கட்டாயம் இல்ல. இது வாங்குறவருக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல. கட்டாயம் இல்லன்னாலும் வருஷா வருஷம் தானா போய் எம்ஓடி பண்ண காரத்தான் நான் தேடுவேன், அந்த ஹிஸ்டரிய இலவசமா ஆன்லைன்ல பாக்கலாம், எவ்ளோ மைல் ஓடியிருக்கு, எந்த வருஷம் எதுல ஃபெயில் ஆச்சுன்னு எல்லாம் வரும். ரெஸ்டோரேஷன் முடிஞ்சப்புறம் வருஷத்துக்கு ஐம்பது மைல் கூட ஓடாத கார்னா அந்த வேலை சரியா இருக்கான்னு யாருமே இன்னும் சோதிச்சுப் பாக்கலன்னு அர்த்தம்.

சேஸி: இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணணும்

டார்ச், சின்ன கண்ணாடி, கைய அழுக்காக்கிக்கிற மனசு, மூணும் வேணும். முன்னாடி இருந்து ஆரம்பிங்க. முன் சஸ்பென்ஷன் ரெண்டு பக்கமும் செங்குத்தா நிக்கிற தூண் மாதிரி பகுதியில மாட்டியிருக்கும், அந்த ரெண்டையும் இணைக்கிற குறுக்குப் பெட்டி ஒண்ணு இருக்கும். அந்தப் பெட்டி வெறும் பெட்டி இல்ல, மேல எழும்புற ஹெட்லைட்ட இயக்குறதுக்கான வேக்கம் டேங்கும் அதுதான். தூண்ல தண்ணி வடியுற ஓட்டை அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளயே நிக்கும், உள்ள இருந்து அரிக்கும், வெளிய பெயிண்ட் நல்லாத்தான் இருக்கும். அதனால ஓட்டை திறந்திருக்கான்னு கம்பி விட்டுப் பாருங்க, சுத்தி அழுத்திப் பாருங்க.

இதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. முற்கால கார்ல வேக்கம்தான் லைட்ட தூக்கும், அதனால எஞ்சின ஓட விட்டு லைட்ட ஏத்தி, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு காத்திருங்க, சீக்கிரமே தலை தொங்குச்சுன்னா எங்கயோ காத்து கசியுது. பிற்கால கார்ல தலைகீழா, வேக்கம் போனா லைட் தானா மேல வந்துடும், ராத்திரி ஓட்டுறவருக்கு அது பாதுகாப்பு. கசிவு வெறும் ரப்பர் ஹோஸா இருக்கலாம், அரிச்ச சேஸியாவும் இருக்கலாம், விக்கிறவர் எல்லாத்துக்கும் ஹோஸ்தான்னு சொல்வாரு, நீங்க அந்தப் பெட்டிய பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் சஸ்பென்ஷன் மாட்டுற இடம், எஞ்சின் மவுன்ட் இருக்கிற இடம், பின்னாடி கவட்டையில டிப்பரன்ஷியல் தொங்குற இடம், இங்கெல்லாம் விரிசல் இருக்கான்னு பாருங்க. மெல்லிய தகடுக்கு மேல தடியான தகட வச்சு வெல்டிங் அடிச்சிருந்தா அது ரிப்பேர் இல்ல, தள்ளிப்போட்டிருக்காங்க. வளைஞ்ச சேஸியும் உண்டு, நடைபாதைக் கல்லுல மோதினாலே போதும். டயர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கா, வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட் இருக்கா, கேளுங்க.

பாடி

இரும்பு கார் பாக்க போறவங்க காந்தம் எடுத்துட்டுப் போவாங்க, பட்டி பூசியிருந்தா ஒட்டாதுன்னு. இங்க காந்தத்துக்கு வேலையே இல்ல. கண்ணும் விரலும்தான். கார வெயில்ல நிறுத்தி சாய்வா பாருங்க, நட்சத்திரம் மாதிரி நடுவுல இருந்து பிரியுற மெல்லிய விரிசல் இருந்தா அங்க அடி விழுந்திருக்கு, ஹெட்லைட்ட சுத்தி, கதவு கீல் பக்கம், கதவு கைப்பிடிய சுத்தி முக்கியமா பாருங்க. இத சரி பண்ற முறை, விரிசல் போற ஆழம் வரைக்கும் தேய்ச்செடுத்து புதுசா பைபரும் ரெசினும் போடுறது. மேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சா கொஞ்ச காலம் மறைஞ்சிருந்து அதே இடத்துல திரும்பி வரும். பெயிண்ட்ல குண்டூசித் தலை அளவுல கொப்புளம் கொப்புளமா இருந்தா உள்ள ஈரமோ ரசாயனமோ மாட்டியிருக்கு, முழு பெயிண்டையும் எடுக்கணும், அது பெரிய செலவு.

பெயிண்ட் வேலை போட்டோவ கேக்குறதுல வெக்கப்படாதீங்க. வெறும் பாடியா இருக்கிற போட்டோவுல பழைய ரிப்பேர் எல்லாம் தெளிவா தெரியும், நல்லா வேலை பண்ணவங்க அத பெருமையா காட்டுவாங்க. கிலோ கணக்குல பட்டியும் பத்து கோட் பெயிண்டும் ஏத்தின எலான் ஷோவுல பரிசு வாங்கும், ஓட்டுறப்ப எலானா இருக்காது.

கதவ திறந்து லேசா மேல தூக்கிப் பாருங்க, ஆட்டம் இருந்தா கீல் பின்னோ, பைபர்குள்ள பதிச்சிருக்கிற உலோகப் பிடியோ போயிருக்கு. பாடி சேஸி சேர்ற போல்ட் எல்லாம் இந்த மாதிரி பதிச்ச பிடியிலதான் இறங்கும், அது துருப்பிடிச்சு சுத்துனா எடுக்கிறது கஷ்டமான வேலை.

எஞ்சின்

ஆறின எஞ்சின ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நீங்க பின்னாடி நில்லுங்க. கொஞ்சம் புகை பரவால்ல, நீலப் புகை விடாம வந்தா வால்வு கைடோ பிஸ்டன் ரிங்கோ. சூடானப்புறம் ஓட்டுறப்ப ஆயில் பிரஷர் 35 பிஎஸ்ஐக்கு மேல நிக்கணும். கேம் கவர் ஓரத்துல லேசான ஆயில் கசிவு எல்லா ட்வின் கேம்லயும் இருக்கும், அதுக்காக கார விடாதீங்க.

விடக்கூடாதது வாட்டர் பம்ப். இந்த எஞ்சின்ல அது முன்பக்க டைமிங் கவர்குள்ளயே இருக்கு, பேரிங் போச்சுன்னா ஹெட், சம்ப் எல்லாம் கழட்டுற அளவுக்கு வேலை இழுக்கும். ஃபேன் பெல்ட்ட ரொம்ப இறுக்கினாலே அந்த பேரிங் சீக்கிரம் போயிடும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு புல்லிய ரெண்டு கையால பிடிச்சு முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க, அசையவே கூடாது, கீழ தண்ணி சொட்டின தடம் இருக்கான்னும் பாருங்க. இப்போ தனியா கழட்டி மாட்டுற மாதிரி கேசட் டைப் பம்ப் கிடைக்குது, ரெஸ்டோர் பண்ணப்ப அத போட்டிருந்தா அந்த மெக்கானிக்குக்கு இந்த எஞ்சின நல்லா தெரியும்னு எடுத்துக்கலாம்.

டைமிங் செயின் டென்ஷன அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூ கவரோட பக்கத்துல இருக்கும், அது முழுசா உள்ள போயிருந்தா செயின் தேஞ்சு முடிஞ்சிருச்சு. வெபர் கார்புரேட்டர் ரெண்டும் எஞ்சினோட இறுக்கமா முறுக்கி வச்சிருக்கக் கூடாது, ரப்பர் ஓ-ரிங்கும் ஸ்பிரிங் வாஷரும் வச்சு லேசா அசையணும், இல்லன்னா அதிர்வுல பெட்ரோல் நுரை தட்டும். எஞ்சின் சீரா ஐடில் ஆகலன்னா நிறைய பேர் ஜெட்ட மாத்திட்டு இருப்பாங்க, அந்த ஓ-ரிங்ல காத்து புகுந்துட்டு இருக்கும்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதுசான்னு கட்டாயம் பாருங்க. 2021 செப்டம்பர்ல இங்கிலாந்துல எத்தனால் அதிகமா கலந்த இ10 பெட்ரோல் வந்ததுல இருந்து பழைய ரப்பர் சீக்கிரம் வெடிச்சுப் போகுது. பைபர்கிளாஸ் கார்ல தீ பிடிச்சா எதுவும் மிஞ்சாது, இதுல கஞ்சத்தனம் வேணாம். எத்தனால் கம்மியான இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்க, கார்ல தீயணைப்பான் ஒண்ணு வைங்க.

அடியில இன்னும் ரெண்டு இடம்

பின் வீலுக்கு போற ஷாஃப்ட்ல ரோட்டோஃப்ளெக்ஸ்னு தடியான ரப்பர் கப்ளிங் இருக்கும், பழைய ஆளுங்க டோனட்னு சொல்வாங்க. ரப்பர்ல வெடிப்பு இருக்கா, உலோகத்துல இருந்து பிரியுதான்னு பாருங்க, ஓடுறப்ப அறுந்தா ஷாஃப்ட் சுழன்று சேஸியவே அடிக்கும். நிறைய பேர் அத எடுத்துட்டு இப்போதைய கார்ல இருக்கிற மாதிரி உலோக மூட்டு வச்ச சிவி ஜாயின்ட் ஷாஃப்ட் போட்டிருப்பாங்க, ஒரிஜினல் இல்லன்னாலும் தினசரி ஓட்டுறவருக்கு நான் அதத்தான் சொல்வேன்.

முன் வீல் திரும்புறதுக்கு கீழ இருந்து தாங்குற ட்ரனியன்னு ஒரு உலோக பாகம், ட்ரையம்ப் கார்ல இருந்து வந்த டிசைன். அதுக்கு கிரீஸ் இல்ல, கியர் ஆயில்தான் விடணும். கடைசியா எப்போ ஆயில் விட்டீங்கன்னு விக்கிறவர கேளுங்க, கிரீஸ் கன்ல அடிச்சேன்னு சொன்னா கார எப்படி பாத்துக்கிட்டாருன்னு புரிஞ்சிடும்.

எலக்ட்ரிக்கல் ஒரு வரி: பைபர் பாடியில கரன்ட் திரும்பிப் போக வழி இல்ல, ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர், பாதி கோளாறு அந்த எர்த்லதான் இருக்கும், பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல. முற்கால கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம் எர்த்ல இருக்கும், மாத்தியிருக்கான்னு கேட்டுக்கோங்க.

ஓட்டிப் பாக்குறது

மெல்லிய ஷூ போட்டுட்டுப் போங்க, பெடல் எல்லாம் ரொம்ப நெருக்கம், அகலமான ஷூ போட்டா பிரேக்கோட ஆக்சிலரேட்டரும் சேந்து அமுங்கும். உயரமானவங்க உக்காந்தே பாக்காம வாங்கக் கூடாது.

ரோட்டோஃப்ளெக்ஸ் இருந்தா கிளட்ச்ச சட்டுன்னு விட்டதும் கார் ஒரு முறை முன்ன பின்ன இழுக்கும், அது நோய் இல்ல, ரப்பர் முறுக்கி விடுறது அப்படித்தான். மெதுவா போறப்ப ஸ்டியரிங்க கவனிங்க. பவர் ஸ்டியரிங் கிடையாது, ஆனா ரெண்டு விரல்ல திருப்பலாம், ரோட்டுல இருக்கிற சின்ன மேடு பள்ளம் கூட கைக்கு வரணும். கனமா இருந்தா, இல்ல மேடு பள்ளத்துல தானா இழுத்துட்டுப் போனா டயர் அகலத்த பாருங்க. கம்பெனி குடுத்தது 13 இன்ச் வீல்ல ஒல்லி டயர். அழகா இருக்கட்டும்னு அகலமான வீல் போட்டு, ஸ்பிரிங்கையும் கட்டியாக்கின கார் நிறைய இருக்கு. எலானோட ஸ்பிரிங் மெத்துன்னு இருக்கணும், நல்ல எலான் மோசமான கிராமத்து ரோட்டுல கூட உடம்ப உலுக்காது, வளைவுல கொஞ்சம் சாயும், ஆனா பிடிய விடாது. கட்டியா குலுங்குற எலான் தப்பா செட் பண்ண எலான். இத மட்டும் சரி பண்றது பெரிய செலவு இல்ல, டயரும் ஸ்பிரிங்கும் மாத்தினா போதும், அதனால இத சொல்லி விலைய குறைக்கலாம், கார விட வேணாம்.

டிராஃபிக்ல நிறுத்தி பத்து நிமிஷம் ஐடில் ஆக விடுங்க, டெம்பரேச்சர் ஏறி, எலக்ட்ரிக் ஃபேன் இருந்தா அது ஓட ஆரம்பிச்சு, திரும்ப இறங்கணும். ஹேண்ட்பிரேக் சரிவுல பிடிக்கலன்னா ஆச்சரியப்படாதீங்க, எலான்ல அது எப்பவுமே சுமார்தான்.

விலை பேசுறப்ப

நீங்க கண்ட குறைய மூணா பிரிங்க. சேஸியும் பெயிண்டும் கெட்டிருந்தா அந்த கார ரெஸ்டோர் பண்ணாத கார் விலைக்குத்தான் கேக்கணும், ஏன்னா சேஸிக்கு மறுபடி பாடிய தூக்கணும், பெயிண்டுக்கு முழுசா எல்லாத்தையும் உரிக்கணும். எஞ்சின், டிப்பரன்ஷியல்னா ஆயிரக்கணக்கான பவுண்டு, ஆனா செலவு எவ்ளோன்னு ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கேட்டு அத கழிச்சுக்கலாம். ஹோஸ், எர்த், புஷ், டயர் இதெல்லாம் வார இறுதி வேலை, இதுக்காக ரொம்ப இழுத்துப் பேசி நல்ல கார கோட்டை விட்டுறாதீங்க. பாகம் கிடைக்குமான்னு கவலை வேணாம், எலானுக்கு கிட்டத்தட்ட எல்லாமே இன்னும் புதுசா செஞ்சு விக்கிறாங்க.

வாங்கினதும் வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே இன்ஷூரன்ஸ் போடுங்க, சாதாரண பாலிசி வேணாம், காரோட மதிப்ப முன்கூட்டியே எழுத்துல ஒத்துக்கிற பாலிசியா எடுங்க, அதுக்கு நீங்க எடுத்த போட்டோவும் ரெஸ்டோரேஷன் பில்லும் கேப்பாங்க. வந்த முதல் வாரத்துலயே எஞ்சின் ஆயில் மாத்தி, ட்ரனியனுக்கு கியர் ஆயில் விட்டு, சேஸியில அந்த வடிகால் ஓட்டைய மறுபடி ஒரு தடவை கம்பி விட்டு சுத்தம் பண்ணிடுங்க. அப்புறம் ஓட்டுங்க, மழை இல்லாத ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்.